பெட்டியா, தாம்பாளமா? சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வானமும் சொல்லித்தர எது தோது

மே மாதம் பாதி தாண்டினால் எங்கள் திண்ணைக்கு ஒரு கேள்வி வந்துவிடும். போன வருஷம் கேட்டது பக்கத்துத் தெருப் பெண். மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்றரை. போனை என் கையில் கொடுத்தார். "டீச்சர், இதப் பாருங்க. தமிழ் எழுத்து, ராக்கெட்டு, ஒம்பது கிரகம், எல்லாம் ஒரே பெட்டியில வருதாம். ரெண்டு பேருக்குமா சேத்து வாங்கிடலாமான்னு அவரு கேக்குறாரு." விலை இரண்டாயிரத்தைத் தொட்டது. அந்த வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கம், வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். பதினோரு வருஷமாகச் சாயந்தரம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடுகிறார்கள். நாலு வயது முதல் எட்டு வயது வரை, பதினைந்து பேர், சில நாள் இருபது பேர். கடைப் பெட்டி, போன், கோளரங்கம், வீட்டுத் தாம்பாளத்தில் மணல் என்று நாலு வழியையும் இவர்களோடு செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயது வரை தாம்பாளம் போதும். பெட்டிக்கு எடுத்துவைத்த காசைப் பத்திரப்படுத்தி, பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகும்போது ஒருநாள் திருச்சிக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போங்கள். போன் பெரியவர் கையில் இருக்கட்டும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

பெட்டியால் ‘நிலா’ எழுத முடியவில்லை

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனத்தின் பெட்டியை நானே வாங்கினேன். அழகான அட்டை, கண்ணைப் பறிக்கும் நிறம். உள்ளே காந்த எழுத்துகள் முப்பது: உயிர் 12, க முதல் ன வரை அகர வரிசை 18. பிள்ளைகளை உட்காரவைத்து, "நிலா வைங்க பாப்போம்" என்றேன். ஒரு பெண் ந-வை எடுத்தாள், ல-வை எடுத்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். மேல்விலங்கும் இல்லை, துணைக்காலும் இல்லை. "டீச்சர், இதுல நல-தான் வருது" என்றாள்.

வானத்தைக் காட்டுகிற பெட்டியில் நிலா என்று எழுத வழியில்லை. இது அந்த ஒரு பெட்டியின் குறை மட்டும் இல்லை. இருபத்தாறு எழுத்து உள்ள மொழிக்குச் செய்த வார்ப்பில் தமிழை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். நமக்கு 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், 216 உயிர்மெய், மொத்தம் 247. அத்தனைக்கும் காந்தம் செய்ய யாராலும் ஆகாது, செய்யவும் வேண்டாம். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனியாக இருந்தால் போதும், பிள்ளையே கூட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் கையால் கற்பது என்றால் இந்தக் கூட்டுகிற வேலைதான். ‘ப’-வோடு கால் சேர்ந்தால் ‘பா’ என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு ‘மா’, ‘லா’, ‘நா’ எல்லாம் இனாமாக வந்துவிடும். பெட்டி அந்தக் கதவைத்தான் மூடிவைத்திருக்கிறது.

பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் தூக்கிப்போட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் துணைக்கால் பத்து, விலங்கு பத்து, கொம்பு பத்து, புள்ளி இருபது வெட்டிக் கொடுங்கள். நான் அப்படிச் செய்துதான் என் பெட்டியைக் காப்பாற்றினேன்.

வானப் பகுதியிலும் குறை உண்டு. ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்த உருண்டைகள். சூரியன் ஆரஞ்சுப்பழ அளவு, வியாழன் எலுமிச்சை, பூமி அதைவிடக் கொஞ்சம் சிறிசு, எல்லாம் ஒரு சாண் நீளத்துக்குள். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல் செவ்வாய்க்குப் போய்விடலாம் என்று நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. நிலா ஸ்டிக்கரில் பிறை நிமிர்ந்து நிற்கிற அரிவாள்போல் இருக்கிறது. எங்கள் ஊரில் மாசி, பங்குனி மாதம் மூன்றாம் பிறையைப் பாருங்கள், தோணிபோல மல்லாந்து கிடக்கும். நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய நேர்கீழாக இறங்குகிறது. நிலாவின் வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும் என்பதால் அடிப்பக்கம் மட்டும் மின்னுகிறது. வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளில் அதே பிறை சாய்ந்து நிற்கும். அங்கே வரைந்த படம் நம் பிள்ளையின் கண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் மேற்கே கைகாட்டி, "டீச்சர், நிலா ப போடுது!" என்றான். ப-வைப் போலத்தான் இருந்தது, மேலே திறந்து. அன்றைக்கு அவன் சொன்னதை எந்தப் பெட்டியும் சொல்லித்தராது.

தாம்பாளம்

மணலில் எழுதுவது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணல்தான் முதல் சிலேட்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, நம் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். விஜயதசமி அன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து அ எழுதவைப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கான கல்வி முறையால் பேர்பெற்ற மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிய பிறகே பென்சில் என்பது அவர் வழி. எல்லாம் சொல்வது ஒன்றுதான்: முதலில் விரல், அப்புறம் பென்சில்.

உப்புத்தாளா, மணலா என்று கேட்டால், ட, ப, ம போன்ற கோட்டு எழுத்துகளுக்கு உப்புத்தாள் சரிதான். ஞ, இ, ழ எல்லாம் வெட்டப் போனால் கத்தரி மல்லுக்கட்டும். அட்டையில் பசையால் எழுத்தைப் போட்டு மேலே சலித்த மணலைத் தூவிக் காயவைத்தால் அதே வேலை ஆகிவிடும், செலவு அஞ்சோ பத்தோ. ஆனால் பரப்பிய மணலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பிள்ளையின் விரல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பியது என்பது தடமாகத் தெரியும். ‘அ’-வை வாலிலிருந்து தொடங்குகிற பிள்ளையை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். காந்த எழுத்திலும் போனிலும் எழுத்து முழுசாக வந்து நிற்கும், அது எப்படி ஓடி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், தப்பை ஒரு குலுக்கலில் அழிக்கலாம். ரப்பர் போட்டுத் தாள் கிழிந்து அழுகிற பிள்ளைகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். மணலில் எழுதி அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

வரிசை என்று பார்த்தால் நான் ட, ப, ம-வில் தொடங்குகிறேன். நேர்கோடு அதிகம், கைக்கு எளிது. ஒரு புள்ளியைச் சேர்த்தால் படம், பட்டம், மட்டம் என்று சொல் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் 2022 ஜூனிலிருந்து தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாட்டோடு சொல்லித்தருகிறார்கள். அங்கே நடப்பதை வீட்டில் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சாயந்தரத்தில் நமக்கு இருக்கிற ஒரே சொத்து பள்ளிக்கூடத்துக்கு இல்லாதது: இருட்டுகிற வானம்.

இப்போது அதே தாம்பாளத்தை நிலாவாக மாற்றலாம். மணலைக் கொட்டிவிட்டு, ரைஸ் மில்லில் வாங்கிய தவிட்டை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மேலே மெல்லிசாக அரிசிமாவைச் சலித்துத் தூவுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டு. பொத்தென்று விழும், வெள்ளை மாவைக் கிழித்துக்கொண்டு பழுப்புத் தவிடு கதிர்கதிராகச் சிதறும். குழியைச் சுற்றி ஒரு கரை எழும்பி நிற்கும். கோலியைக் கவனமாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழி கோலியைவிட அகலமாக இருக்கும். தலை உயரத்திலிருந்து போட்டால் இன்னும் அகலம். இதை நான் சொல்வதே இல்லை. பிள்ளைகள் பத்து தடவை போட்டு அவர்களே சொல்வார்கள். அப்புறம் பௌர்ணமிக்கு மூன்று நாள் கழித்து நிலாவைக் காட்டினால் அந்தக் கறைகளையும் வெள்ளைத் திட்டுகளையும் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

"நம்ம ஊர்ல ஏன் குழி இல்ல?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. பதிலாக ஒரு விசிறியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொடுங்கள். விசிறிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் குழி இரண்டு நிமிஷத்தில் மேடாகிவிடும். காற்றும் மழையும் ஆறும் நம் பூமியின் தழும்பை ஆற்றிவிட்டன, நிலாவில் அதைச் செய்ய யாரும் இல்லை. வண்டல் படிந்து படிந்து உண்டான டெல்டாவில் வளர்கிற பிள்ளைக்கு இது உடனே விளங்குகிறது. ஐப்பசி மழையில் வரப்பு கரைவதை அது பார்த்திருக்கிறதே.

கடைசியில் அதே தவிட்டில் விரலால் ‘குழி’ என்று எழுதச் சொல்வேன். அங்கேதான் ழ வந்து நிற்கிறது. குழி, நிழல், சுழல், வியாழன்: வானத்துப் பாடத்தில் ழ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் பல வாயில் வாளப்பளம்தான். சாப்பிடுகிற பொருளுக்கு எந்த ளகரம் போட்டாலும் பழம் கைக்கு வந்துவிடுகிறது, பிள்ளைக்கு அவசரம் இல்லை. தன் கையால் போட்ட குழிக்குப் பெயர் எழுதும்போது அது நாக்கை மடித்துப் பார்க்கிறது. என் அனுபவத்தில் ழ-வைப் பிடித்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் தவிட்டில்தான் பிடித்தார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தவிடு தூசு கிளப்பும், இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால் தாம்பாளத்தை வாசலில், தூசு பிள்ளைப் பக்கம் வராதபடி காற்று போகிற திசையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கோலி, கொண்டைக்கடலை எதையும் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. மூக்கில் போட்டுக்கொள்ளும். ஆற்று மணலானால் சல்லடையில் இரண்டு முறை சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே தாம்பாளத்துக்கு. அரிசியை வைத்து விளையாடக் கூடாது என்று மாமியார் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள், மாவுக்குப் பதில் கோலமாவு போதும்.

கிழமையில் இருக்கிற வானம்

எழுத்துக்கு ஒரு பெட்டி, விண்வெளிக்கு ஒரு பெட்டி என்று விற்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே சுவரில் தொங்குகிறது. தினத்தாள் காலண்டரைக் கிழிக்கிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஞாயிறு என்றால் சூரியன். திங்கள் என்றால் நிலா. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் அப்படியே கிரகத்தின் பெயர். மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. செவ்வாயில் சிவப்பு இருக்கிறது, வெள்ளியில் வெண்மை இருக்கிறது, வானத்தில் பார்த்தால் அந்த நிறத்திலேயே இருக்கின்றன.

எழுத்துக்கும் இந்த ஏழு சொல்லும் நல்ல தீனி. ஞ-வை வேறெங்கே தேடுவது? பிள்ளையின் வீட்டில் மஞ்சளிலும் இஞ்சியிலும் புள்ளியோடு ஒளிந்திருக்கும், ஞாயிற்றில்தான் முன்னால் வந்து நிற்கும். பெரிய ற-வும் அதிலேயே. ங் திங்களில், ழ வியாழனில், ள் வெள்ளியில், ரெண்டு சுழி ன் புதனில். சொல்லின் பொருள் பிள்ளைக்கு முன்பே தெரியும். ஞாயிறு என்றால் லீவு.

நாங்கள் இருக்கிற இடமும் இதற்கு உதவுகிறது. ஆலங்குடி குரு கோயில் எங்களுக்குப் பக்கம், வியாழக்கிழமை கும்பகோணம் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. சூரியனார் கோயில், சந்திரனுக்குத் திங்களூர், புதனுக்குத் திருவெண்காடு, சுக்கிரனுக்குக் கஞ்சனூர், சனிக்குத் திருநள்ளாறு என்று ஒன்பது கோயிலும் இந்த டெல்டாவுக்குள்ளேதான். ஆகவே எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் கிரகம் ஒன்பது என்று பட்டென்று சொல்வார்கள். அந்தப் பெட்டிக்காரரும் ஒன்பது என்றே போட்டிருந்தார், வேறு கணக்கில். 2006-இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று பிரித்த பிறகு சூரியனைச் சுற்றும் கோள்கள் எட்டு. நவகிரகத்தில் சூரியனும் நிலாவும் உண்டு, நாம் நிற்கிற பூமி இல்லை. ராகு, கேது என்பவை நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு இடங்கள். கிரகணம் அந்த இடங்களை ஒட்டியே நடக்கும். கோயிலில் கும்பிடுகிற கணக்கு ஒன்று, வானத்தில் பார்க்கிற கணக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்னால் பிள்ளை குழம்புவதே இல்லை. பாட்டியோடும் சண்டை வராது.

ஏழெட்டு வயதானவர்களுக்கு இதிலேயே இன்னொரு படி இருக்கிறது. குருப்பெயர்ச்சி ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒன்று என்று வீட்டில் காதில் விழுந்திருக்கும். வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு 29 வருஷத்துக்கு மேல். வட்டத்தைப் பன்னிரண்டு ராசியாக வகுத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். வாசலில் கோலமாவால் இரண்டு வட்டம் போட்டு ஒருவனை உள்ளே ஓடவிட்டு ஒருத்தியை வெளியே மெதுவாக நடக்கவிட்டேன். மூன்று சுற்று முடிந்ததும் நடந்தவள் நின்று, "அதான் சனி லேட்டா போறாரா!" என்றாள்.

கடுகு பூமி

கம்பியில் கோத்த உருண்டைகளுக்கு மாற்று இது. ஒரு கால்பந்தைச் சூரியனாக வைத்தால் பூமி ஒரு கடுகு. சூரியனின் குறுக்களவு பூமியைப்போல 109 மடங்கு, கணக்கு ஒத்துப்போகும். பந்தைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு 23 மீட்டருக்குச் சற்று அதிகம் நடக்க வேண்டும், என் காலடிக்கு முப்பத்துநாலு. அங்கே ஒரு வெள்ளைத் தாளில் கடுகு. பக்கத்திலேயே, பிள்ளையின் நாலு விரல் அகலம் தள்ளி, ஒரு மணல் துகள்: நிலா. மனிதர் இதுவரை போய்வந்த தூரம் அந்த நாலு விரல்தான்.

வியாழனுக்கு நெல்லிக்காய், 120 மீட்டர் தள்ளி. சனிக்கு நாவல்பழம், 225 மீட்டர். கடைசியில் இருக்கும் நெப்டியூனுக்குக் கொண்டைக்கடலை, பந்திலிருந்து 700 மீட்டர். வாய்க்கால் கரையோடு நடந்து போனால் எங்கள் ஊரில் அய்யனார் கோயில் தாண்டிவிடும். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் பெயரெழுதிய அட்டையைக் குச்சியில் நட வேண்டும் என்பது விதி, அட்டையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் மாசியில் இதை வைத்துக்கொண்டால் திரும்பி வரும்போதே இருட்டிவிடும். தலைக்கு மேலே செக்கச்செவேல் என்று திருவாதிரை, அதற்கு மேற்கே கூட்டமாகக் கார்த்திகை. கார்த்திகையில் எத்தனை மீன் என்று எண்ணச் சொல்லுங்கள். நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும். எனக்கு இப்போது நாலுதான் தெரிகிறது.

ஆறு வயதுக்குக் கீழே இந்த நடை வேண்டாம். தூரம் மனசில் தங்காது, கால் வலிக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கு நிழல் போதும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 ஆகிய நாள்களை ஒட்டி மதியம் 12.15 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 2024-இல் ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. வாசலில் உலக்கையை நட்டுவைத்துப் பதினொரு மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். நிழல் குறைந்துகொண்டே வந்து, பன்னிரண்டே காலுக்கு உலக்கையின் அடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. நாலு வயதுக் குட்டி ஒன்று உலக்கையைச் சுற்றி இரண்டு முறை வந்து, தன் காலடியையும் பார்த்துவிட்டு, "என்னுதையும் காணோம் அத்தை" என்றது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இந்த உலக்கையைக் காட்டலாம். அந்த விமானத்துக்கும் காலையிலும் சாயந்தரத்திலும் நன்றாகவே நிழல் விழுகிறது, தஞ்சாவூர் போகிற அன்று பிள்ளையே அதன்மேல் நடந்து பார்க்கட்டும்.

சூரியனை நேராகப் பார்க்கவைக்காதீர்கள், ஒரு நொடிகூட. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று நாங்கள் புங்கமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்ச வட்டங்கள் காலை ஒன்பதரை வாக்கில் எல்லாம் பிறைபிறையாக மாறின. அப்போது அதைப் பார்த்து, பிறைகளைச் சாக்பீஸால் சுற்றி வரைந்த பிள்ளைகள் இன்று ஹைஸ்கூலில் படிக்கிறார்கள்.

மண்

தாம்பாளத்துக்கு அடுத்து என் ஓட்டு களிமண்ணுக்கு. குளத்து மண்ணைப் பிசைந்து, வெடிக்காமல் இருக்க வைக்கோலைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, பாம்புபோல் உருட்டி எழுத்தாக வளைக்க வேண்டும். விலங்கும் கொம்பும் தனித்தனிப் பாம்பு. ந-வுக்கு மேலே விலங்கை ஒட்டி, ல-வுக்குப் பக்கத்தில் காலை நிறுத்தினால் நிலா ஆயிற்று, பெட்டியால் முடியாதது. அழுக்கு ஆகும், நேரம் பிடிக்கும், மழைக்காலத்தில் காயாது. 2023 ஆகஸ்ட் 23 சாயந்தரம் சந்திரயான்-3 இறங்கியதை டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் எல்லாரும் இறங்கிய விக்ரம் கலத்தை மண்ணில் செய்தார்கள். இறங்கிப் பழகப் பரிசோதனைக்கு வேண்டிய நிலா மண்போன்ற மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களிலிருந்து போனது என்று சொன்னேன். அன்றிலிருந்து களிமண் உருண்டைக்கு எங்கள் திண்ணையில் நிலாமண் என்றே பெயர்.

போனும் கோளரங்கமும்

போனைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. கண்ணாடியில் விரல் வழுக்கும், எழுத்தின் சொரசொரப்பு கைக்கு ஏறாது. ஐந்து நிமிஷத்தில் விளம்பரம் வந்துவிடும். ஆனால் இரண்டு வேலைக்கு நான் வைத்திருக்கிறேன். ல, ள, ழ உச்சரிப்பைத் தெளிவாகச் சொல்கிற ஒலி இருந்தால் கேட்கவைக்கலாம், திரையைக் கவிழ்த்துவைத்து. இன்னொன்று எனக்காக: மேற்கே மின்னுவது வெள்ளியா வியாழனா என்று சந்தேகம் வந்தால் ஸ்டெல்லேரியம் போன்ற வான வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு, இடுப்பில் செருகிவிட்டு, கையை நீட்டிக் காட்டுவேன். விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு மேலே போகிற நேரத்தையும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். 400 கிலோமீட்டர் உயரம், சென்னைக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்குள் ஆள் இருக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் கையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

திருச்சியில் விமான நிலையத்துக்குப் பக்கம் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. நீடாமங்கலத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். நாலு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நான் ஒருமுறை தப்புச் செய்தேன். விளக்கு அணைந்ததும் இரண்டு பேர் அழுதார்கள், மூன்று பேர் தூங்கினார்கள். ஏழெட்டு வயதில், கடுகு நடையும் கார்த்திகை எண்ணலும் முடிந்த பிறகு போனபோது கதை வேறு. கூரையில் கார்த்திகை வந்ததும், "அது நம்மளுது!" என்று ஒரு குரல் இருட்டில் கேட்டது. ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் அரசுப் பள்ளிகளில் வானவில் மன்றம் இருக்கிறது, சோதனைகளை அங்கே செய்துகாட்டுவார்கள். கையில் இருக்கிற ஒரு பயணத்தை அந்த ஏழெட்டு வயதுக்கே வைத்துக்கொள்ளுங்கள். காட்சி நேரத்தைக் கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்வது நல்லது.

யார் உட்காருவது?

தாம்பாளம் மலிவு என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு விலை உண்டு, அது ஆள். பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். நடவுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு முதுகு வலியோடு வருகிற அம்மாவிடம் தவிடு சலிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அங்கேதான் பெட்டியும் போனும் ஜெயிக்கின்றன, பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைத்துவிடுகின்றன. இரண்டில் ஒன்று என்றால் பெட்டியே மேல், அட்டையில் வெட்டிய விலங்கும் காலும் சேர்த்து. மண்ணைத் தொட அருவருப்புப்பட்ட ஒரு பையன் பீரோ கதவில் காந்த எழுத்தை ஒட்டியேதான் படிக்கத் தொடங்கினான், அதையும் நான் மறைக்கக் கூடாது.

ஆனால் தினமும் உட்கார வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிஷம். நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு வாசலில் சேர்த்து, பத்து வயது அக்காவையோ அண்ணனையோ பொறுப்பாக வைத்தால் பெரியவர் முறை வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். எங்கள் தெருவில் அப்படித்தான் ஓடுகிறது.

பக்கத்துத் தெருப் பெண் போன வருஷம் பெட்டி வாங்கவில்லை. மாமியாரின் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தேய்த்து வைத்துக்கொண்டார். இந்த மே மாதம் மறுபடி வந்தார், சின்னவளுக்காக. அவளுக்கு நாலரை ஆகிறது, தவிட்டைக் கண்டால் தும்முகிறாள். சலித்த ஆற்று மணல் ஒரு படி, ட ப ம எழுதிய சொரசொரப்பு அட்டை மூன்று கொடுத்தனுப்பினேன். ஆகஸ்ட் 25-க்கு உலக்கை அவர்கள் வாசலில் நடுவதாகப் பேச்சு.